பட்டர்ஃபிளை மெஷினில் தோள் கிள்ளுகிறது

3 மார்ச் 2024, ஞாயிறு
கேள்வி

அண்ணா, ஜிம்மில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. வயது 26, ஐ.டி. வேலை. கம்பி, டம்பெல் என்றால்தான் அடிபடும், மெஷினில் உட்கார்ந்து செய்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லி மாஸ்டர் பட்டர்ஃபிளையில் (உட்கார்ந்தபடி விரித்த இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்க்கும் மெஷின்) உட்கார வைத்தார். இப்போது வலது தோளின் முன்பக்கம் கிள்ளுகிற மாதிரி வலி. எடையை 25இலிருந்து 15க்குக் குறைத்தும் போகவில்லை. நெஞ்சில் வலியே இல்லை, தோளில்தான். மெஷினிலும் அடிபடுமா?

3 மார்ச், இரவு

படும். எனக்குப் பட்டிருக்கிறது.

எடையைக் குறைத்ததில் தப்பில்லை தம்பி. ஆனால் முதலில் குறைக்க வேண்டியது அது இல்லை, தூரம். கை பின்னால் எவ்வளவு போகிறது என்று பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்து செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முழங்கை முதுகுக்குப் பின்னால் போய், தோள் உருண்டை முன்னால் துருத்திக்கொண்டு வந்தால் கிள்ளுவது அந்த இடத்தில்தான். 15 கிலோவிலும் கிள்ளும், 5 கிலோவிலும் கிள்ளும்.

இடுப்பு மூட்டு ஆட்டுக்கல் குழவி மாதிரி, நன்றாக உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கும். தோள் அப்படி இல்லை. அகல் விளக்கின்மேல் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி. கிண்ணம் ஆழமே கிடையாது, தசையும் ஜவ்வும்தான் இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது, அதனால்தான் எளிதில் நழுவவும் செய்கிறது. கை விரிந்து பின்னால் போகும்போது பழம் முன்னால் உருளப் பார்க்கும்.

மெஷினின் மேலே, கைகள் சுழலும் இடத்தில் ஓட்டை போட்ட ஒரு தகடு இருக்கும். அதில் ஸ்பிரிங் வைத்த ஒரு பின். அதை இழுத்துத் தொடக்க இடத்தை முன்னால் மாற்றலாம். முக்கால்வாசிப் பேர் அதைத் தொட்டதே இல்லை. வலி அடங்குகிற வரை இந்தப் பயிற்சியே வேண்டாம். அப்புறம் முழங்கை உடம்புக்கு நேராக வந்தவுடன் நிற்கிற ஓட்டையில் போடுங்கள், அதற்குப் பின்னால் வேண்டாம்.

இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை என்றால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

4 மார்ச், காலை 6 மணி

தூங்கும்போது ஞாபகம் வந்தது. தூரத்துக்கு முன்னால் இருக்கை உயரம். நேற்று அதை விட்டுவிட்டேன்.

கைப்பிடியைப் பிடித்தால் கை நெஞ்சின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும், முழங்கை தோளைவிடக் கொஞ்சம் கீழே. இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கை தோளுக்கு மேலே ஏறிவிடும், தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு செய்வோம். நான் அப்படித்தான் ஆறு மாதம் செய்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் ஆறடி ஆள். அவர் தாழ்த்தி வைத்த இருக்கையில் அப்படியே போய் உட்காருவேன். இருக்கையை மாற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பஸ்ஸில் சீட் கிடைத்தால் உட்காருகிற மாதிரி.

இன்று திங்கட்கிழமை. ஜிம்மில் ஊரே நெஞ்சுப் பயிற்சி செய்யும். நான் முதுகுப் பயிற்சி செய்யப் போகிறேன்.

6 மார்ச்

நான் யார், டாக்டரா, டிரெய்னரா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ரெண்டும் இல்லைங்க. கோயம்புத்தூரில் லேத் பட்டறை. பம்ப் ஷாஃப்ட், அதாவது பம்புக்குள் சுழலும் தண்டு, கடைந்து பிழைப்பு. வயது 51. எட்டு வருடமாக ஜிம் போகிறேன், பிரஷருக்குக் காலையில் ஒரு மாத்திரை உண்டு. அவ்வளவுதான் தகுதி.

ஆனால் மெஷின் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதனால் இதைச் சொல்கிறேன். பட்டர்ஃபிளை ஒரு இடத்தில்தான் சுழலும். அதன் சென்டர் நகராது. உங்கள் தோளுக்கும் ஒரு சென்டர் இருக்கிறது. இரண்டும் மேலும் கீழுமாக ஒரே கோட்டில் வந்தால் சரி. வராவிட்டால்? சென்டர் அவுட்டான ஷாஃப்டை ஓட்டினால் என்ன ஆகும், முதலில் போவது பேரிங். இங்கே மெஷினின் பேரிங் போகாது. உங்களுடையதுதான் போகும்.

டம்பெல்லில் கை தனக்குப் பிடித்த வழியைத் தேடிக்கொள்ளும். வலித்தால் கொஞ்சம் கோணலாகப் போய்த் தப்பித்துக்கொள்ளும். மெஷின் அப்படி விடாது, போட்ட பாதையிலேயே இழுத்துக்கொண்டு போகும். பாதை சரியாக இருந்தால் அதுவே நல்லது, கீழே போட்டுவிடுவோமோ என்ற பயம் இல்லாமல் செய்யலாம். தப்பாக இருந்தால் பன்னிரண்டு தடவை, மூன்று செட், அதே தப்பு.

ஆகவே முதுகை முழுதாகச் சாய்த்து உட்காருங்கள். பாதி இருக்கையில் உட்கார்ந்தால் தோள் சென்டரைவிட முன்னால் வந்துவிடும். தோள்பட்டை எலும்பு இரண்டும் பின்பக்க மெத்தையில் படிய வேண்டும். முழங்கையை லேசாக மடக்கி அப்படியே வைத்துக்கொண்டு, கோயில் தூணைக் கட்டிப்பிடிப்பது போலக் கொண்டுவாருங்கள். கையை நீட்டி மடக்கிச் செய்தால் அது வேறு பயிற்சி ஆகிவிடும்.

6 மார்ச், பத்து நிமிடம் கழித்து

தூண் என்றால் திருமலை நாயக்கர் மகால் தூண் இல்லை. கை எட்டுகிற தூண்.

10 மார்ச்

கிலோவைப் பற்றி இரண்டு பேர் சண்டை. ஒருவர் 60 போடுகிறாராம், இன்னொருவர் 35க்கு மேல் அசையவில்லையாம். இரண்டு பேரும் வேறு வேறு ஜிம். வேறு வேறு மெஷினில் இருக்கும் எண்ணை ஒப்பிடவே கூடாது.

எடைத் தகட்டில் எழுதியிருப்பது தகட்டின் எடை. கைக்கு வருவது அது இல்லை. நடுவில் கப்பி இருக்கிறது. நகரும் கப்பி ஒன்று போட்டிருந்தால் கேபிளில் வருவது பாதிதான். சில மெஷினில் எழுதியிருப்பது பவுண்டு, 10 பவுண்டு என்றால் நாலரைக் கிலோ. வெளிநாட்டிலிருந்து பழசாக வந்ததில் பவுண்டு எண்ணைப் பார்த்து, கிலோ என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருவன்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் 2009 வழிகாட்டியில், குறித்த எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு தடவை கூடுதலாகச் செய்ய முடிகிறபோது எடையை 2 முதல் 10 சதவீதம் ஏற்றலாம் என்று இருக்கிறது. நம் மெஷினில் ஒரு தகடு 5 கிலோ. 10இலிருந்து 15க்குப் போனால் அது 50 சதவீத ஏற்றம். 20இலிருந்து 25க்குப் போனாலும் 25 சதவீதம். ஒரே ஒரு ஓட்டைதானே என்று எடைப் பின்னைக் கீழே இறக்குகிறோம். சம்பளத்தில் ஐம்பது சதவீதம் ஏற்றுவார்களா? தோளில் மட்டும் ஏற்றுகிறோம்.

அதனால் 10இலேயே நின்று, 12 தடவையை 15, 18 என்று கொண்டுபோய்விட்டு அப்புறம் மாறுங்கள். சில ஜிம்மில் மேலே தொங்கவிட இரண்டரைக் கிலோ துண்டு தகடு இருக்கும், கேட்டு வாங்குங்கள். எங்கள் ஜிம்மில் அதைக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

11 மார்ச்

நகரும் கப்பியில் பாதி என்றால் உழைப்பும் பாதியா என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். இல்லை. இழுக்கிற தூரம் இரண்டு மடங்கு ஆகும். கிணற்றில் இறைத்த யாருக்கும் தெரியும், சும்மா எதுவும் வராது.

17 மார்ச்

முந்தாநாள் எழுதியவர் பிசியோதெரபி படித்தவர் என்று நினைக்கிறேன். "முழங்கை உடம்புக்குப் பின்னால் போகவே கூடாது என்பது விதி இல்லை. நல்ல நிலையில் இருக்கும் தோளுக்கு நீட்சியும் தேவை, தசை நீண்ட நிலையில் எடை தாங்குவது வளர்ச்சிக்கு நல்லது" என்கிறார்.

இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொல்வது சரி. வலியோடு கேட்ட ஒருவருக்கு நான் சொன்ன அளவு அது. எல்லோருக்குமான சட்டம் மாதிரி எழுதிவிட்டேன். வலியில்லாதவர் நேர்கோட்டில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு ஓட்டை என்று பின்னால் போகலாம். நெஞ்சில் இழுக்கிற உணர்வு வந்தால் நல்லது. இழுப்பு தோளின் முன்பக்கத்துக்கு மாறினால் ஒரு ஓட்டை முன்னால் வாருங்கள்.

முன்பு தோள் நழுவியவர்களுக்கு மட்டும் நான் பழைய சொல்லையே வைத்திருக்கிறேன். குறிப்பாகப் பழைய மாடல் பட்டர்ஃபிளை. கைப்பிடி இருக்காது, முழங்கையை மடக்கி முன்கையை நிமிர்த்தி மெத்தையில் வைத்துத் தள்ள வேண்டும். அதில் தொடக்க நிலை எப்படி இருக்கும் தெரியுமா? போலீஸ் "கையைத் தூக்கு" என்றால் நிற்போமே, அதுதான். தோள் முன்பக்கம் நழுவுவது பெரும்பாலும் இந்த நிலையில்தான். தோள் நழுவியவர்களைச் சோதிக்க மருத்துவர் கையை மெதுவாக இதே நிலைக்குத்தான் கொண்டுபோவார், நாம் பயந்து முகம் சுளிக்கிறோமா என்று பார்ப்பார். சோதனைக்கே பயப்படுகிற நிலையில் எடையும் வைத்து இழுக்கச் சொன்னால்?

17 மார்ச், மாலை

எனக்கும் அடிபட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு எப்படி என்று சொல்லவே இல்லை. 2018. செட் நடுவில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. செட் முடிந்தபிறகு ஆனது.

பன்னிரண்டு முடிந்தது. கை இரண்டும் முன்னால். வலது கையை விட்டேன், போனை எடுக்க. இடது பக்கத்தில் எடை முழுசும் சேர்ந்து கையை ஒரே இழுப்பாகப் பின்னால் கொண்டுபோனது. உடம்பு வலப்பக்கம் திரும்பியிருந்தது, கை இடப்பக்கம் போனது. நான்கு மாதம் சட்டையில் இடது கையை முதலில் நுழைத்துப் பழகினேன். போனில் வந்திருந்தது ஒரு லோன் கம்பெனி அழைப்பு.

ஏறுவதும் இறங்குவதும்தான் பட்டர்ஃபிளையில் மோசமான இடம். யாரும் சொல்லித் தருவதில்லை. உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் பின்னால் விட்டுத் தேடி எடுக்கிறோம் பாருங்கள், அந்த ஒரு நொடி. உடம்பைத் திருப்பி ஒரு கைப்பிடியைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து, அப்புறம் மறுபக்கம் திரும்பி அடுத்ததை எடுங்கள். தொடக்கப் பின் முன்னால் இருந்தால் இந்தத் தொல்லையே பாதி இல்லை. முடிந்ததும் இரண்டு கையையும் சேர்த்தே பின்னால் விட்டு, தகடு உட்கார்ந்த பிறகு கையை எடுங்கள். கைப்பிடியை நெஞ்சிலிருந்து முன்னால் தள்ளும் செஸ்ட் பிரஸ் மெஷினில் காலடியில் ஒரு மிதி இருந்தால் அது இதற்காகத்தான். மிதித்தால் கைப்பிடி முன்னால் வரும். கால் வைக்கிற இடம் என்று நினைத்து நான் அதில் துண்டைப் போட்டு வைத்திருந்த காலமும் உண்டு.

2 ஏப்ரல்

அம்மணி ஒருவர் கேட்டது: உயரம் 5 அடி, இருக்கையை ஏற்றினால் கால் தொங்குகிறது, தாழ்த்தினால் கை மேலே போகிறது, என்ன செய்வது? இருக்கையை ஏற்றுங்கள், காலுக்குக் கீழே பலகையோ ஸ்டெப்பர் கட்டையோ போடுங்கள். கால் ஊன்றாவிட்டால் முதுகு வளையும். முதுகு மெத்தைக்கு எட்டவில்லை என்றால் நடுவில் தடிமனான ஒரு மெத்தைத் துண்டு. நெளிகிற தலையணை வேண்டாம். பெண்கள் செய்யலாமா என்று கூடவே கேட்டிருக்கிறார். தசை ஒன்றுதாங்க. தாராளமாகச் செய்யலாம்.

20 ஏப்ரல்

மூச்சு.

தள்ளும்போது விடுவது, பின்னால் போகும்போது இழுப்பது. எல்லோருக்கும் தெரியும், எட்டாவது தடவைக்கு மேல் யாரும் செய்வதில்லை. அடக்கிக்கொண்டு முக்குகிறோம், ரத்த அழுத்தம் எகிறுகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1985இல் தமனிக்குள்ளேயே குழாய் விட்டு ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். பழகிய ஆட்கள், காலால் தள்ளும் லெக் பிரஸ், இனி முடியாது என்கிற வரை. சராசரியாக ரத்த அழுத்தம் 320/250 வரை போனது, ஒருவருக்கு 480/350ஐத் தாண்டியது. நாம் செய்வது கால் அளவுக்குப் பெரிய தசை இல்லை, அவ்வளவு எடையும் இல்லை. ஆனாலும் மாத்திரை சாப்பிடுகிற எனக்கு அந்த எண்ணைப் படித்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

என் வழி, சத்தமாக எண்ணுவது. "ஒண்ணு... ரெண்டு..." எண்ணினால் மூச்சை அடக்க முடியாது. ஒரு குறை. பக்கத்து மெஷினில் இருந்த பையன் நான் அவனுக்கு எண்ணுகிறேன் என்று நினைத்துப் பதினைந்தைத் தாண்டியும் நிறுத்தாமல் செய்துகொண்டிருந்தான். முடிந்ததும் "தேங்க்ஸ்ங்ணா" என்றான்.

21 ஏப்ரல்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, நெஞ்சில் வரும் வலி தசையா, இதயமா என்று ஒருவர் தனியாகக் கேட்டதால் இதைப் பொதுவில் போடுகிறேன், சிரிப்பு இல்லாமல்.

பயிற்சி செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரும் தசைவலி, தொட்டால் வலிக்கும், கையைக் குறுக்கே கொண்டுவந்தால் வலிக்கும், இரண்டு மூன்று நாளில் போகும். பயிற்சியின் நடுவிலேயே நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, இதெல்லாம் வேறு. அமுக்கிப் பார்த்து இது தசைதான் என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் எது வந்தாலும் "கேஸ்" என்று ஒரு சோடா வாங்கிக் கொடுப்பார்கள். சோடாக் கடைக்குப் போகிற நேரத்தில் 108க்கு அடியுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி பெரிதாகத் தெரியாமலேயே வரலாம். நாற்பது தாண்டி, சர்க்கரையோ பிரஷரோ இருந்து, புதிதாகச் சேருகிறவர் மருத்துவரைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

9 ஜூன்

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. பட்டறையில் ஆர்டர் நெருக்கடி.

நத்தை ஓடு மாதிரி ஒரு சக்கரம் சில மெஷினில் இருக்கிறதே, எதற்கு என்று கேட்டிருந்தார்கள். அது கேம், அதாவது முழு வட்டமாக இல்லாத சக்கரம். கையின் பலம் எல்லாக் கோணத்திலும் ஒன்றாக இருக்காது, அதற்கேற்ப எடையின் பிடியைக் கூட்டிக் குறைக்க. ஆர்தர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் 1970இல் விற்கத் தொடங்கினார். கேமின் வடிவத்தால் கம்பெனிக்கு நாட்டிலஸ் என்று ஒரு கடல் பிராணியின் பெயர். மனுஷர் முதலை வளர்த்தவர். 1984இல் ஆப்பிரிக்காவிலிருந்து யானைக் குட்டிகளை விமானத்தில் ஏற்றி ஃபுளோரிடாவுக்குக் கொண்டுவந்தவர். எங்கள் ஜிம்மில் இருப்பது உள்ளூர் வெல்டிங் பட்டறையில் அடித்தது. அதில் கேம் முழு வட்டம். வடிவம் வேண்டாம், சுற்றினால் போதும் என்று செய்திருக்கிறார்கள். அதனால் கை முழுதாக விரிந்த இடத்திலும் அது விட்டுக்கொடுக்காது. மெதுவாகப் பின்னால் போங்கள். முன்னால் வர இரண்டு எண்ணிக்கை, பின்னால் போக மூன்று. தகடு டங்கென்று சத்தம் போட்டால் நீங்கள் கையைவிட்டு ஓடவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பட்டறைக்காரனாக இன்னொன்று. உட்காரும் முன் கேபிளைப் பாருங்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை வெடித்துக் கம்பி நரை முடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் உட்காராதீர்கள். முன்பு போன ஒரு ஜிம்மில் என் கண் முன்னால் அறுந்தது. செய்துகொண்டிருந்தவர் கை இரண்டும் பிடிப்பு இல்லாமல் முன்னால் மோதி விரல் நசுங்கியது. ஒரு வாரமாகவே உறை வெடித்திருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம்.

எடைக்குப் போடும் பின்னும் அப்படித்தான். ஒரிஜினல் தொலைந்துபோய், ஆணி, ஆலன் கீ, ஸ்குரூடிரைவர் என்று எதையாவது சொருகிவைப்பார்கள். பாதி நுழைந்த ஆணி தூக்கும்போது நழுவும். எங்கள் ஜிம்முக்கு நானே ஒன்று கடைந்து கொடுத்திருக்கிறேன், தலைக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து.

10 ஜூன்

மேலே நான் யோக்கியன் மாதிரி எழுதியிருக்கிறேன். உண்மை என்னவென்றால் போன மாதம் பக்கத்தில் ஒரு காலேஜ் பையன் 40 போட்டான், நான் 45 போட்டேன். பழைய தோள் மறுபடி இரண்டு வாரம் முனகியது. வீட்டில் அத்தை நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிட்டார், இதமாகத்தான் இருந்தது. சுளுக்கு எடுக்கிறேன் என்று கையைப் பிடித்து ஒரு வெட்டு இழுக்கப் போனபோது எழுந்து ஓடிவிட்டேன். நீவுவது வரை சரி, இழுப்பதற்குச் சம்மதிக்காதீர்கள்.

அந்த இரண்டு வாரமும் அதே மெஷினில் திரும்பி உட்கார்ந்து, மெத்தைக்கு நெஞ்சைக் கொடுத்து, பின்பக்கம் விரிக்கும் பயிற்சியை லேசான எடையில் செய்தேன். நாள் முழுக்க லேத்தில் குனிந்து நிற்கிற எனக்கு நெஞ்சைவிட அதுதான் தேவைப்பட்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் குனிகிறவர்களும் செய்து பாருங்கள்.

21 ஜூலை

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். "இருக்கை 4, ஓட்டை 3, எடை 15. வலி இல்லை. மாஸ்டருக்கும் அந்த ஓட்டை போட்ட தகட்டைக் காட்டினேன், அது எதற்கென்று அவருக்கும் தெரியாதாம். இப்போது எல்லோருக்கும் போட்டு விடுகிறார்."

மாஸ்டரைக் குறை சொல்லாதீர்கள், எனக்கும் இரண்டு வருடம் தெரியாது. என்னுடையது இருக்கை 5, ஓட்டை 2, எடை 25. 45 இல்லை.

சிவப்புத் தலைப் பின்னை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். நேற்று இன்னொன்று கடைந்து, சைக்கிள் பூட்டுச் சங்கிலியோடு மெஷினிலேயே கட்டி வைத்திருக்கிறேன். அடுத்து சங்கிலி போகிறதா, மெஷினே போகிறதா என்று பார்க்க வேண்டும்.